டாக்டர் சாந்தா அம்மையாரும் தர்மப் பணமும்

பாரூர்ப் பெரிய ஏரியை அடுத்த கிராமங்களில் மாரியம்மன் திருவிழா வந்தால், வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத் தண்டுவது வழக்கம். நோட்டுப் புஸ்தகமும் கையுமாக வருகிறவரைக் கண்டு எவரும் கதவைச் சாத்துவதில்லை. கையில் பணமில்லாதவன் அடுத்த வாரம் தருகிறேன் என்று தவணை கேட்பானேயன்றி, இல்லையென்று சொல்லக் கூசுவான். ஆனால் அதே வாசலில் ஓர் ஏழையின் வைத்தியச் செலவுக்கென்று போய் நின்றால், கேட்கிறவருக்கே நா எழுவதில்லை. அம்மனுக்குத் தண்டுகிறவன் ஊரின் பிரதிநிதி, நோயாளிக்குக் கேட்கிறவன் யாசகன் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது.

இந்தக் கூச்சத்துக்கு இடங்கொடாமல் அறுபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஒரு வைத்தியசாலைக்கு உழைத்தவர் சென்னை அடையாறு புற்றுநோய் ஸ்தாபனத்தின் டாக்டர் வி. சாந்தா அம்மையார். 2021ஆம் வருஷம் ஜனவரி 19ந் தேதி தமது 93வது வயதில் அவர் காலமானபோது, நாடு அவரை மகா வைத்தியராகப் போற்றிற்று. அது முற்றிலும் நியாயமே. எனினும் பொதுக் காரியங்களுக்கு நிதி திரட்டும் பணியில் இறங்கியிருக்கும் எங்களைப் போன்றோருக்கு அவர் வேறொரு வகையிலும் ஆசிரியர்.

அந்தப் பாடத்தை அவரும் ஓரிடத்தில் கற்றுக்கொண்டவரே. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கை புற்றுநோயால் மடிந்ததைக் கண் முன்னே கண்டவர். அக்காலத்தில் புற்றுநோய் என்றாலே மரணம் என்பதுதான் பொதுஜன அபிப்பிராயம். சாகப் போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று படித்தவர்களும் கேட்ட காலம் அது. அம்மையார் மனந்தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பேரால் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார்.

மறு வருஷம் அங்கே வந்து சேர்ந்தார் சாந்தா. சர்க்கார் தேர்வில் தேறி, சென்னையின் பெண்கள் குழந்தைகள் வைத்தியசாலையில் உத்தியோகமும் கிடைத்திருந்தது. பிரசவ வைத்தியத்தில் உயர்ந்த பட்டம் பெற்றவர், மயிலாப்பூர்க் குடும்பம், சர். சி.வி. ராமனுக்கு உறவு. இத்தனையும் இருக்க, நாளைக்கு நடக்குமோ நடக்காதோ என்றிருந்த ஒரு தர்ம ஸ்தாபனத்தை அவர் தேர்ந்தெடுத்தது பலருக்கு விளங்கவில்லை. ஸ்தாபனத்தின் வளவிலேயே குடியிருந்தார். கிருஷ்ணமூர்த்தியைத் தம் குரு என்றே கடைசிவரை சொல்லிவந்தார். ஒருவர் பேரும் புகழும் அடைந்தபின், தமக்கு முன் நின்றவரின் பெயரை முதலில் சொல்வது எளிதல்ல. மகஸேஸே பரிசும் (2005) பத்ம விபூஷணும் (2016) அவரிடம் அந்தக் குணத்தை மாற்றவில்லை.

பணம் கேட்பதில் அவருக்கிருந்த பலம் பேச்சு வன்மையன்று என்பது நமது கருத்து. கேட்பவர் தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று கொடுப்பவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அங்கே வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெற்றார்கள். பணமிருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே தரமான வைத்தியம் என்பது அங்குள்ள கொள்கை. நன்கொடைப் பத்திரிகையில் அச்சிடும் வாக்கியங்கள் ஆயிரம் இருக்கலாம். வார்டுக்குள் நுழைந்து பார்த்தவருக்கு அவை வேண்டியதில்லை.

நம் பக்கத்து நிலைமைக்கு வருவோம். ஓசூரிலும் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு 2 வீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று விதிக்கிறது. சுற்றுவட்டாரத்துக்கு முதலிடம் தரும்படியும் சொல்கிறது. ஆகவே இக்காலத்து நிதி சேகரிப்போர் பலர் ஓசூர் ஆபீஸ்களின் வரவேற்பறைகளிலேயே காத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை, அந்தப் பணமும் வரட்டும். ஆனால் நூறு ரூபாய்க்காரரிடம் போவதை அவர்கள் மெல்ல விட்டுவிட்டார்கள். இது நமக்கு உவப்பாயில்லை. ஒரு கம்பெனியின் மானேஜர் மாறினால் நின்றுபோகும் பணத்தை மட்டும் நம்பி நோயாளிக்கு வாக்குக் கொடுப்பது எப்படி?

பெரிய பணத்துக்கு எட்டாத செலவு ஒன்றும் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாளாக, பல வாரங்கள் தொடர்ந்து நடப்பது. சர்க்கார் காப்பீடு சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. பாரூரிலிருந்து ஒரு கூலிக்காரப் பெண் பெங்களூர் கித்வாய்க்குப் போனாலும் அடையாறுக்குப் போனாலும், அவளுக்கும் துணைக்கு வருபவருக்கும் பஸ் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, இழந்த கூலி இவற்றை யார் தருவது? இந்தச் செலவுக்குப் பயந்து பாதிச் சிகிச்சையில் ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. பாதியில் விட்ட சிகிச்சையால் நோய் அடங்குவதில்லை என்பதை எந்த வைத்தியரும் சொல்வார்.

இதற்கு வேண்டியது கோடிகளல்ல, சில ஆயிரங்கள். மாங்காய்ப் பருவம் முடிந்து கையில் காசு புழங்கும் சமயத்தில், திருவிழா வரி எழுதும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதற்கும் ஒரு பத்தி போட்டு, யார் எவ்வளவு கொடுத்தார், எந்தப் பஸ்ஸுக்கு எவ்வளவு போயிற்று என்று எழுதிக் கோயில் சுவரில் ஒட்டலாம். முதல் வருஷம் பணம் குறைவாகத்தான் சேரும்.