தேடினேன்... கிடைக்கவில்லை! அப்படியென்றால் பாதுகாப்பா?

திண்டிவனத்தில் என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பில் போடும் சாஃப்ட்வேர் இன்டர்நெட் வழியாக இயங்குகிறது. கடை வைஃபையின் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி, கல்லாவுக்கு மேலே காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருந்தார். வாடிக்கையாளர்கள் போனில் பணம் அனுப்ப வசதியாம்!

2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் இமெயில், நவி மும்பையில் ஒருவர் வீட்டில் பூட்டாமல் கிடந்த வைஃபை வழியாகச் சென்றது. 'வைஃபைக்குப் பாஸ்வேர்டு போடுங்கள்' என்று அப்போதிருந்தே கேட்டு வருகிறோம். அந்தப் பாஸ்வேர்டே ஊருக்கெல்லாம் தெரிந்தால்?

"மாப்ள, இதனால வம்பு ஏதாவது வருமா? பாத்துச் சொல்லு" என்றார் மாமா. விழுப்புரத்திலிருந்து லேப்டாப்புடன் கிளம்பினேன்.

வயர்ஷார்க்

1998-ல் ஜெரால்டு கோம்ப்ஸ் 'எதீரியல்' என்ற பெயரில் வெளியிட்ட இலவச சாஃப்ட்வேர்தான், 2006-ல் வயர்ஷார்க் ஆனது. நெட்வொர்க்கில் செல்லும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பிரித்துக் காட்டும். காற்றில் செல்லும் வைஃபை பாக்கெட்டுகளைப் பிடிக்க, வைஃபை கார்டை 'மானிட்டர் மோடு'க்கு மாற்ற வேண்டும். எல்லாக் கார்டுகளிலும் இந்த வசதி இருக்காது. ரவுட்டர் இயங்கும் அதே சேனலில் கார்டையும் வைக்க வேண்டும்.

வாடிக்கையாளர்கள் வரும் முன் காலையில் அரை மணி நேரம் பிடித்தேன். கண்ட்ரோல் + எஃப் அழுத்தி, 'ஸ்டிரிங்' தேர்ந்தெடுத்து, பில் சாஃப்ட்வேரின் பாஸ்வேர்டைத் தேடினேன். ஒன்றும் இல்லை. "பயப்படாதீங்க மாமா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

விக்கிரவாண்டியில் வந்த சந்தேகம்

விக்கிரவாண்டி தாண்டும்போது மனம் கேட்கவில்லை. அதே ஃபைலைத் திறந்து, என் கண்ணெதிரே மாமா பார்த்த இணையதளத்தின் பெயரைத் தேடினேன். அதுவும் இல்லை! நிச்சயம் இருக்க வேண்டியதே கிடைக்கவில்லை என்றால், என் தேடலில்தான் கோளாறு.

நான் செய்த தவறுகள் இரண்டு.

1. 'பாக்கெட் லிஸ்ட்'டில் தேடினேன். அது மேலே தெரியும் சுருக்க வரிகளை மட்டுமே பார்க்கும். உள்ளே இருப்பதைத் தேட 'பாக்கெட் டீடெயில்ஸ்' தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. பாக்கெட்டுகள் அனைத்தும் பூட்டிய நிலையில் இருந்தன. டபிள்யூபிஏ2 வைஃபையில் பூட்டைத் திறக்க, பாஸ்வேர்டு மட்டும் போதாது. கம்ப்யூட்டர் ரவுட்டருடன் இணையும்போது பரிமாறிக்கொள்ளும் 4 செய்திகளையும் பிடித்திருக்க வேண்டும். ஃபில்டர் பெட்டியில் 'ஈஏபிஓஎல்' என ஆங்கிலத்தில் டைப் செய்தால் அவை தெரியும். என் ஃபைலில் ஒன்றுகூட இல்லை. நான் பிடிக்கத் தொடங்கும் முன்பே கடைக் கம்ப்யூட்டர் இணைந்துவிட்டது!

மறுபடியும் திண்டிவனம்

அடுத்த வாரம் முதலில் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, பிறகு கடைக் கம்ப்யூட்டரின் வைஃபையை அணைத்துப் போட்டேன். எடிட், ப்ரிஃபரன்சஸ், புரோட்டோகால்ஸ், ஐஇஇஇ 802.11 எனச் சென்று, 'டிகிரிப்ஷன் கீஸ்' பகுதியில் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தேன்.

தெரிந்த இணையதளத்தின் பெயரைத் தேடினேன், கிடைத்தது. அடுத்து மாமாவின் பாஸ்வேர்டு. அதுவும் கிடைத்தது! அந்த வரியில் ரைட் கிளிக் செய்து 'ஃபாலோ', 'டிசிபி ஸ்ட்ரீம்' கொடுத்ததும், அன்று காலை போட்ட பில் வரை படிக்க முடிந்தது. சாஃப்ட்வேர் எச்டிடிபிஎஸ் இல்லாமல் வெறும் எச்டிடிபியில் இயங்கியதே காரணம். சீட்டைப் பார்த்த யாரும் இதைச் செய்திருக்கலாம்.

சீட்டைக் கிழித்தோம். வாடிக்கையாளர்களுக்குத் தனி 'கெஸ்ட் நெட்வொர்க்' அமைத்தோம். சாஃப்ட்வேர் கொடுத்தவர்களிடம் சொல்லி எச்டிடிபிஎஸ்-க்கு மாறி, பாஸ்வேர்டையும் மாற்றினோம். மீண்டும் பிடித்துத் தேடினேன். இணையதளத்தின் பெயர் கிடைத்தது, பாஸ்வேர்டு கிடைக்கவில்லை. இந்த முறை அதை நம்பலாம்.

ஓர் எச்சரிக்கை: இதை உங்கள் சொந்த நெட்வொர்க்கில், அல்லது உரிமையாளரின் அனுமதியுடன் மட்டுமே செய்யுங்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் தகவலை எடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.