அலாஸ்காவிலும் 'தெற்கு'

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிறது அலாஸ்கா. பனிக்கரடி உலவும் அந்த மாநிலத்திலும் 'சதர்ன் பாப்டிஸ்ட்' கிறிஸ்தவ சபைகள் உண்டு. அமெரிக்கத் தென்னகத்து பாப்டிஸ்டுகளுக்கு அங்கே என்ன வேலை?

அந்தப் பெயர் வெறுமனே திசையைக் குறித்து வந்ததல்ல, ஒரு சண்டையில் வந்தது. 1844இல் ஜார்ஜியா மாநில பாப்டிஸ்டுகள் ஜேம்ஸ் ரீவ் என்பவரை மிஷனெரியாக நியமிக்கும்படி பாப்டிஸ்டுகளின் உள்நாட்டு மிஷன் சங்கத்தைக் கேட்டார்கள். ரீவ் அடிமைகளை வைத்திருந்தவர். அதை மறைக்காமல் சொல்லியே கேட்டார்கள். அடிமை வைத்திருப்பவரை ஏற்குமா என்று சங்கத்தை ஆழம் பார்ப்பதுதான் நோக்கம். சங்கம் மறுத்தது. மறு ஆண்டு மே மாதம் தென்னகத்தார் அகஸ்டா நகரில் கூடி, சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்ற கூட்டமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். முழுக்கு ஞானஸ்நானத்திலோ வேத உபதேசத்திலோ இரு தரப்புக்கும் வழக்கே இல்லை.

வடக்கத்தியர் 1907இல் 'நார்தர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன்' ஆனார்கள். 1950இல் 'நார்தர்னை' உதறி 'அமெரிக்கன்' என்று வைத்துக்கொண்டார்கள். தெற்கத்தியரோ பிழைப்புத் தேடி எங்கெங்கோ போனாலும் பெயரை விடவில்லை. 1942இல் கலிபோர்னியா சபைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பிறந்த ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்ப்பெயர் இன்னும் இனிக்கும் என்பது நமக்குத் தெரியாததா? ஆனால் அந்த ஊரில் அடிமையாக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதே பெயர் எப்படிக் கேட்டிருக்கும்?

ஆனால் எல்லாச் சபைகளும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை. பாப்டிஸ்ட் முறையில் ஒவ்வொரு சபையும் சுயாதீனமானது. வாசலில் என்ன பெயர் எழுதுவது என்று தலைமையகமான நாஷ்வில் உத்தரவு போட முடியாது. கலிபோர்னியாவில் ரிக் வாரன் தொடங்கிய சாடில்பேக் சபை பல்லாண்டுகள் இந்தக் கூட்டமைப்பில் இருந்தும், வெளியே 'சாடில்பேக் சர்ச்' என்றே அறியப்பட்டது. 'சதர்ன்' மட்டுமல்ல, 'பாப்டிஸ்ட்' என்பதும் பெயரில் இல்லை.

அடிமைமுறையை ஆதரித்ததற்காக 1995இல் கன்வென்ஷன் மன்னிப்புக் கேட்டது. 2012 நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் ஃபிரெட் லூட்டர் முதல் கறுப்பினத் தலைவரானார். அதே மாநாட்டில்தான் பெயர்ப் பிரச்சினையும் வந்தது. பெயரை மாற்றினால் சட்டச் சிக்கல், செலவு என்று ஆய்வுக் குழு ஒதுங்கிக்கொண்டது. விரும்பும் சபைகள் 'கிரேட் கமிஷன் பாப்டிஸ்ட்ஸ்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு மட்டும் சொற்பப் பெரும்பான்மையில் தேறியது. செலவு உண்மையான காரணமாக எனக்குப் படவில்லை. பெயரின் மேல் உள்ள பாசமே காரணம்.

சட்டப்படி இன்றும் கன்வென்ஷன் 1845இல் சூட்டிய பெயரில்தான் இயங்குகிறது.