மேற்கோட் பெட்டியும் திரையும்

பிறர் கூற்றை நம் கூற்றினின்று பிரித்துக் காட்டுதல் ஆய்வு நேர்மையின் முதற்படியாகும். திரையில் இப்பணியை மேற்கோட் பெட்டி ஆற்றுகின்றது. பெட்டிக்கு வெண்பின்னணியை மட்டும் விதித்து, எழுத்தின் நிறத்தைக் கருவியிடம் விட்டுவிடின், கரும்பின்னணியில் வெள்ளெழுத்தைக் காட்டும் இருள்முறையில் வெண்மைமேல் வெண்மையாய் மேற்கோள் மறைந்துவிடும். ஆகவே இரு நிறங்களையும் ஒவ்வொரு முறைக்கும் சேர்த்தே விதித்தல் வேண்டும். 2008இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகுதன்மை நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கு இடைநிலைத் தகைமையாக 4.5:1 என்னும் ஒளிர்வு வேறுபாட்டை வேண்டுகின்றன. அகலத்தை நிலையான அளவாலன்றித் திரையின் விகிதத்தால் வகுத்து, நெடுஞ்சொற்கள் மடங்கவும் இடமளிப்பின், கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையிலும் வரிகள் அறுபடா. நிறங்களைப் பிரித்தறிய இயலாதார் பொருட்டு இடப்புறக் கோடொன்றும் வேண்டும். எச்சொல் எவருடையது என எந்த வாசகரும் ஐயுறலாகாது என்பதே நமது கருத்தாகும்.