உடையும் அலையின் குமிழிகள் கடலுக்குள் ஒலியைச் சிதறடிப்பது ஏன்?

பலத்த காற்றில் அலைகள் உடையும்போது நீருக்குள் இழுக்கப்படும் காற்று, நுண்குமிழிகளாகப் பிரிந்து சில மீட்டர் ஆழம்வரை பரவுகிறது. காற்று நீரைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலாக எளிதில் அமுங்கக்கூடியது ஆதலால், ஒலியலையின் அழுத்தம் ஏறி இறங்குந்தோறும் குமிழி சுருங்கி விரிந்து, தன்மேல் விழுந்த ஆற்றலின் ஒரு பகுதியை எல்லாத் திசைகளிலும் மீண்டும் வெளிவிடுகிறது; இதுவே சிதறல் எனப்படுகிறது.

குமிழிக்குள் உள்ள காற்று சுருள்வில்லாகவும், சுற்றியுள்ள நீர் அதில் கட்டிய எடையாகவும் செயல்படுவதால், ஒவ்வொரு குமிழிக்கும் அதன் அளவுக்கேற்ற இயல்பு அதிர்வெண் உண்டு என்பதை மார்செல் மின்னார்ட் 1933இல் விளக்கினார். கடற்பரப்பருகே 1 மி.மீ. ஆரமுள்ள குமிழிக்கு அது ஏறத்தாழ 3,300 ஹெர்ட்ஸ். வரும் ஒலி அவ்வதிர்வெண்ணோடு பொருந்தினால் ஒத்ததிர்வு நிகழ்ந்து, குமிழி தன்னைவிடப் பன்மடங்கு பெரிய பொருளைப்போல் ஒலியைச் சிதறடிக்கிறது. ஆகவேதான், கடல் கொந்தளிக்கும் காலத்தில் மேற்பரப்பை ஒட்டிய இலக்குகளைச் சோனார் கருவிகளால் பிரித்தறிவது கடினமாகிறது.