ஊரார் கூப்பிட ஒரு பெயர்

குழந்தை பிறந்த வீட்டில் முன்னாளில் எழுந்த விவாதமெல்லாம், தந்தையைப் பெற்றவர் பெயரை வைப்பதா, தாயைப் பெற்றவர் பெயரை வைப்பதா என்ற அளவில் தொடங்கி, இரு தரப்புச் சம்பந்திகளும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமலிருந்து, பின்பு அடுத்த குழந்தைக்கு மற்றவர் பெயர் என்ற சமாதானத்தோடு முடிந்துவிடும். பெயர்கள் முன்பே இருந்தன. எது முந்துவது என்பது மட்டுமே வழக்கு. இந்நாளிலோ வழக்கின் விஷயமே மாறிவிட்டது. தெருவில் எவருக்கும் இல்லாத, பள்ளியில் எவருக்கும் இல்லாத, கூடுமானால் பூமண்டலத்திலேயே எவருக்கும் இல்லாத ஒரு பெயரைத் தேடிப் பிடித்துத் தம் சிசுவுக்குச் சூட்டிவிட வேண்டும் என்னும் ஆவேசம், படித்த இளந்தம்பதிகளைப் பற்றிக்கொண்டு, தொட்டிலிட்ட பிறகும் தணியாமல் நிற்கிறது.

சட்டமும் இந்தத் தேடலுக்குத் தாராளமாகவே அவகாசம் கொடுத்திருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, ஜனனத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். ஆனால் பெயரை அப்பொழுதே சொல்லியாக வேண்டும் என்பதில்லை. 12 மாதங்கள் வரையில் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரையில் தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். எழுத்தறியாத ஏழை மக்களின் வசதியை முன்னிட்டு ஏற்பட்ட இந்தச் சலுகையை, பட்டப்படிப்புப் படித்த பெற்றோர்கள் கடைசி நாள் வரையில் அனுபவித்து, அதுவரை குழந்தையைப் 'பாப்பா' என்றே அழைத்து வருவதைப் பல வீடுகளில் காண்கிறோம்.

தேடுகிற முறையும் விசித்திரமானதுதான். 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக நான்கு எழுத்துக்கள் வகுத்து, ஆக 108 எழுத்துக்களைச் சோதிடர்கள் கைவசம் வைத்திருக்கிறார்கள். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. அஸ்தத்தில் பிறந்த குழந்தையானால் பூ, ஷ, ண, ட என்று வரும். மூன்றாம் பாதத்துக் குழந்தையின் தகப்பனார் ணகரத்தில் தொடங்கும் பெயருக்கு எங்கே போவார்? நன்னூலார் வகுத்த மொழிமுதல் எழுத்துக்களில் ணகரத்துக்கு இடமே இல்லை. நம் பாட்டன்மார் இந்த எழுத்தை ஜாதகக் குறிப்பில் எழுதி வைத்துவிட்டு, குழந்தைக்குப் பழனிச்சாமி என்று பேரிட்டு நிம்மதியாக இருந்தார்கள். இக்காலத்தவர்க்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

எழுத்துக்கு அடுத்தபடியாக எண் வந்து நிற்கிறது. பெயரை ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துக்கு ஓர் எண்ணாகக் கூட்டி, வருகிற தொகை பிறந்த தேதியோடு பொருந்தாவிட்டால், ஏ என்னும் எழுத்தை இரட்டித்தும், எச் என்னும் எழுத்தை நடுவில் நுழைத்தும் அதிர்ஷ்டத்தை வரவழைக்கிறார்கள். தமிழில் ஒரே விதமாக எழுதப்படும் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்படுவதன் காரணம் இதுதான். 2023 அக்டோபர் முதல் தேதியன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரையில் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்ட நிலையில், இரண்டு எச் போட்ட பெயர் ஓரிடத்தில் ஒரு எச்சோடு பதிவாகிவிட்டால், அந்தக் குழந்தை வளர்ந்து எத்தனை அலுவலகங்களின் படியேற வேண்டியிருக்கும் என்பதை எண்கணிதத்தார் கூட்டிச் சொல்வதில்லை.

இவ்வளவு பிரயாசைக்கும் பிறகு கிடைப்பதாவது அபூர்வமாக இருக்கிறதா? ஏதேனும் ஒரு மழலையர் பள்ளியின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். அத்விக், ருத்விக், ரித்விக், சாத்விக் என்று பையன்கள் ஒரு வரிசை. தன்விகா, தன்ஷிகா, யாஷிகா, ஹன்ஷிகா என்று பெண்கள் ஒரு வரிசை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் புதுமை. சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒரே ஓசை. ஆசிரியை ஒரு பெயரைச் சொல்லி அழைக்க நான்கு குழந்தைகள் எழுந்து நிற்கின்றன. பொருள் என்னவென்று பெற்றோரை வினவினால், பெயர்ப்பட்டியல் புத்தகத்தில் லக்ஷ்மி என்று போட்டிருந்தது என்பார்கள். லக்ஷ்மி என்றே பெயரிட்டால் பழசாகிவிடுகிறது. லக்ஷ்மி என்று எவரோ பொருள் எழுதி வைத்த ஓர் ஓசைக்கு மட்டும் நாகரிகம் வந்துவிடுகிறது!

ஆயிரம் பேருக்கு ஒரு பெயர்

ஒரே பெயரைப் பலர் தாங்குவதால் ஒருவருடைய தனித்தன்மை கெட்டுவிடும் என்னும் அச்சந்தான் இத்தனைக்கும் மூலம். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதற்குத் தமிழகத்தின் சரித்திரம் முழுவதும் சாட்சி. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் குவிரன், ஆதன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. எகிப்து தேசத்தில், செங்கடற்கரையில், குசைர் அல்-காதிம் என்ற பழந்துறைமுகத்தில் அகழ்ந்தெடுத்த ஓடுகளில், முதல் நூற்றாண்டின் தமிழ் எழுத்துக்களில் கண்ணன் என்றும் சாத்தன் என்றும் படிக்கத்தக்க பெயர்கள் காணப்படுகின்றன. கடல் கடந்து வாணிகம் செய்யப் போனவனுக்கும் ஊரில் எல்லோருக்கும் இருந்த பெயர்தான் இருந்தது. அதைக் கொண்டே அவன் தன் பானையை அடையாளங் கண்டுகொண்டான்.

சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். சாத்தனார், கீரனார், கண்ணனார், பூதனார் என்று ஒரு சில பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரை வேறொரு சாத்தனாராக எவரும் மயங்கியதில்லை. அறுவை விற்றவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். மருந்து கொடுத்தவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார். உபாத்தியாயர் மகன் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், தொழில், தந்தை ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று முன்னே வந்து நின்று பொதுப்பெயரைத் தனிப்பெயராக்கிவிட்டது. இன்னுஞ் சிலருக்கோ பெற்றோர் இட்ட பெயரே மறைந்து போய், அவர்கள் பாடிய பாட்டின் ஒரு தொடரே பெயராகிவிட்டது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடிய செம்புலப்பெயனீரார் அவ்வாறு நின்றவர். தனித்தன்மை தொட்டிலில் வருவதன்று, செய்த காரியத்தால் வருவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தஞ்சைப் பெரிய கோயிலின் மதிலில் ராஜராஜ சோழன் பொறித்த நீண்ட சாசனம் ஒன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒருவர் விடாமல் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல் என்று ஜீவனாம்சம் ஏற்படுத்தியவன், ஆளை மாற்றி அளந்துவிடாமலிருக்க வழி செய்ய வேண்டாமா? அத்தனை பேர் பெயருக்கு முன்னும் நக்கன் என்ற ஒரே சொல். பின்னால் வரும் பெயர்களிலும் ஒன்றே பலமுறை வருகிறது. இன்ன தளிச்சேரி, இன்ன சிறகு, இத்தனையாவது வீடு, இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று எழுதிவிட்டான், குழப்பம் தீர்ந்தது. எவர் பெயரையும் மாற்றவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? ஒரு தலைமுறைக்கு முன்னால் நம் வகுப்பறைகளில் செந்தில்குமார்களும் சரவணன்களும் கவிதாக்களும் சுமதிகளும் நிறைந்திருந்தார்கள். தகப்பனாரின் முதலெழுத்து அவர்களைப் பதிவேட்டில் பிரித்தது. பட்டப்பெயர் அவர்களை மைதானத்தில் பிரித்தது. வீட்டிலோ வேறொரு நயமான ஏற்பாடு இருந்தது. மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டால், மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாத மருமகள் தன் மகனையே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. ஆகையால் ராசா, தம்பி, அப்பு என்று ஒரு கூப்பிடும் பெயர் தானே பிறந்துவிடும். ஊருக்கு ஒரு பெயர், தாய்க்கு ஒரு பெயர் என்று இரண்டு கிடைத்த குழந்தைக்குத் தான் ஆயிரத்தில் ஒருவன் என்ற குறை எங்கிருந்து வரும்?

ஊரின் முத்திரை

பொதுவான பெயர்களின் விசேஷம் அவை எளிதாக வாயில் வருவது மாத்திரமன்று. அவை ஒரு ஸ்தலத்தின் முத்திரையைத் தாங்கி வந்தன. நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. சங்கரநாராயணன், கோமதி என்றால் சங்கரன்கோவில். தாணுமாலயன் என்றால் சுசீந்திரம். தாயுமானவன் என்றால் திருச்சிராப்பள்ளி. வைத்தியநாதன், தையல்நாயகி என்றால் நோய் தீர்க்க நேர்ந்துகொண்ட வைத்தீசுவரன்கோயில். அவிநாசியப்பன், அர்த்தநாரி என்றால் கொங்கு நாடு. நாகூர் மீரான் என்ற பெயரும் ஆரோக்கியமேரி என்ற பெயரும், எந்தச் சமயத்தவரானாலும் இந்த மண்ணில் பெயரிடும் நியாயம் ஒன்றே என்று காட்டின. சுடலைமுத்து, பேச்சியம்மாள், இசக்கியப்பன் என்ற பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் தாமிரபரணிக் கரையும் அதற்குத் தெற்கேயுள்ள சீமையும் மனத்தில் வந்து நிற்கும். ரயிலில் எதிரே அமர்ந்தவரின் பெயரைக் கேட்டுவிட்டு, "நீங்கள் சங்கரன்கோவில் பக்கமா?" என்று வினவிப் பேச்சைத் தொடங்கும் வசதி ஒன்று இந்நாட்டில் இருந்தது.

இந்தப் பெயர்களை ஓயாமல் கண்டு சலித்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு: அவை இப்பொழுது பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமே இருக்கின்றன. அழகர்சாமி என்ற பெயருடைய ஒரு முதலமைச்சரையோ நீதிபதியையோ இனிமேல் காணலாமோ என்பதன்று என் கவலை. மதுரையில் பிறக்கும் குழந்தைகளுள் ஒன்றுக்காவது அழகர்சாமி என்று பெயர் வைக்கிறார்களா என்பதே கவலை. தேரும் திருவிழாவும் குறைவின்றி நடக்கின்றன. சித்திரை மாதத்தில் ஆற்றில் இறங்கும் அழகரைத் தரிசிக்க லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். தோளில் குழந்தையைத் தூக்கி வைத்து அவரைக் காட்டுகிறார்கள். அந்தக் குழந்தையின் பெயரோ காசியிலும் விளங்காது, காஞ்சியிலும் விளங்காது. நேர்த்திக்கடனுக்காகக் குலதெய்வத்தின் பெயரை வைத்தாக வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், காதில் மூன்று முறை அந்தப் பெயரை ஓதிவிட்டுச் சான்றிதழில் வேறொன்றை எழுதிவிடுகிறார்கள். குலதெய்வத்துக்கு ஒரு காது, சர்க்காருக்கு ஒரு காகிதம்!

பழைய பெயர்கள் ஜாதியையும் ஏழ்மையையும் காட்டிக்கொடுத்தன என்றும், போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண் மகவுக்குப் பேரிட்ட கொடுமையும் அந்தப் பழமையில்தான் இருந்தது என்றும் சிலர் சொல்வார்கள்; அது உண்மை, அவ்வகைப் பெயர்கள் ஒழிந்ததில் எவருக்கும் வருத்தமில்லை. ஆனால் காந்திமதியும் தையல்நாயகியும் எவரை இழிவுபடுத்தின?

புதிய பெயரே கூடாதென்று சொல்லவும் நான் வரவில்லை. 1916இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கத்தின் வழிவந்த அறிவழகன், தமிழ்ச்செல்வி, கயல்விழி முதலியவை ஒரு காலத்தில் கேட்டவர் புருவத்தை உயர்த்திய புதுமைகளே. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது வீடுகளில் வானதிகளும் பூங்குழலிகளும் பிறந்தார்கள். அந்தப் பெயர்களைச் சூட்டியவர்கள், தம் குழந்தைக்கு மட்டும் அது இருக்க வேண்டும் என்று விரும்பவில்லை. நாடு முழுவதும் அவ்வாறு வைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். பத்துப் பேர் பின்பற்றினால் அவர்களுக்குப் பெருமை. இன்றைய பெற்றோர்க்கோ அடுத்த வீட்டுக்காரர் அதே பெயரை வைத்துவிட்டால் மனஸ்தாபம் வந்துவிடுகிறது. பெயரின் புதுமையில் பிழையில்லை. பங்கு போட்டுக்கொள்ள மனமில்லாத அந்தக் குணத்தில்தான் பிழை.

ஆகவே, வெறுமையாக விட்டிருக்கும் கட்டத்தை நிரப்ப இன்னும் மாதங்கள் மிச்சமிருக்கும் பெற்றோர்க்கு என் வேண்டுகோள் மிகச் சிறியது. பெயர்ப்பட்டியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இரு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்து, அவர்களுக்கு ஞாபகமுள்ள வரையில் குடும்பத்தில் வழங்கிய பெயர்களையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அதில் எந்த ஊர்ச் சுவாமியின் பெயர் அடிக்கடி வருகிறதோ அதை வாசற்படியில் நின்று ஒரு முறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். பிடித்துவிட்டால் அதையே வையுங்கள். பிடிக்காவிட்டால் இரண்டாம் பெயராகவேனும் சான்றிதழில் ஏற்றிவிடுங்கள். அபூர்வமான பெயர்தான் வேண்டும் என்று இன்னமும் பிடிவாதமாக இருப்பவர்களுக்கோ நான் யோசனை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை: உண்ணாமுலை என்றும் தாயுமானவன் என்றும் வைத்துவிட்டுப் போகலாம், அந்த மழலையர் பள்ளியில் வேறொரு குழந்தை எழுந்து நிற்காது.