வெயிலை விரும்பும் காகிதப்பூ

கோடை பிறந்துவிட்டால் நம் வீட்டுத் தோட்டங்களின் முகம் வாடிவிடுகின்றது. ரோசாவின் இலைகள் ஓரம் கருகுகின்றன. துளசியும் நண்பகலில் தலை சாய்க்கின்றது. குடிக்கவும் சமைக்கவுமே நீர் போதாத நாள்களில், பூஞ்செடிக்கு ஒரு குடம் ஊற்ற எந்த இல்லத்தரசிக்கு மனம் வரும்? 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டுபோயின. சோலையார்பேட்டையிலிருந்து இரயில் வண்டிகளில் குடிநீர் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது. அத்தகைய கோடையிலும், யாரும் நீர் ஊற்றாத மதிலின்மேல் சாய்ந்துகொண்டு, செந்நிறமும் ஊதாவும் வெண்மையுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கும் செடி ஒன்று உண்டு. அதுவே போகன்வில்லா என்னும் காகிதப்பூச் செடி.

ஆயினும், இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் இடங்களில் இச்செடியைப் பற்றி நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுதான்: "சாமி, நாளும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறோம், எருவும் போடுகிறோம். செடி காடாய்த் தழைக்கிறது. ஒரு பூவைக்கூடக் காணோம்!" அக்கேள்விக்கான விடை அக்கேள்வியிலேயே அடங்கியிருக்கின்றது. அதை விளக்குமுன் செடியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வோம்.

கடல் கடந்து வந்த செடி

இதன் தாயகம் தென் அமெரிக்கா. 1766ஆம் ஆண்டில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படைப் பயணம் ஒன்றின் தலைவர் லூயி ஆந்துவான் தெ பூகன்வில். அவருடன் சென்ற தாவர அறிஞர் பிலிபேர் கொமர்சோன். 1767இல் கப்பல்கள் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவை அடைந்தபோது, கொமர்சோன் இச்செடியைக் கண்டு சேகரித்தார். தம் தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அந்தக் கப்பலில் கொமர்சோனின் உதவியாளாய், ஆண் உடை தரித்துச் சென்றவர் ழான் பாரே என்னும் பெண்மணி. பெண்கள் கடற்படைக் கப்பலில் ஏறக் கூடாது என்னும் விதி இருந்தமையால் இவ்வாறு மறைந்து சென்றார். கால் நோயால் துன்புற்ற கொமர்சோனுக்காக, கரை இறங்கிய இடங்களில் எல்லாம் கருவிகளையும் செடிகளையும் சுமந்து உழைத்தவர் இவரே. ரியோவில் காகிதப்பூவை முதலில் பறித்ததும் இவராகவே இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. உலகைச் சுற்றி வந்த முதல் பெண்மணி என்று இன்று போற்றப்படும் இவருக்கு, 1785இல் பிரெஞ்சு அரசு ஓய்வூதியம் வழங்கியது. ஆனால் ஒரு செடிக்கு இவர் பெயர் நிலைக்க 2012ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில்தான் கத்தரி இனத்தைச் சேர்ந்த ஒரு தென் அமெரிக்கச் செடிக்கு இவர் பெயர் இடப்பட்டது. தலைவரின் பெயர் வீட்டுக்கு வீடு ஒலிக்க, சுமை சுமந்தவரின் பெயர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறைந்து கிடந்தது.

பூவல்லாத பூ

நாம் பூ என்று கண்டு மகிழும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவிதழ்கள் அல்ல. நிறம் மாறிய இலைகளே. மூன்று மூன்றாய் அமைந்த அவ்விலைகளை விரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் நடு நரம்போடும் ஒட்டியவாறு, சிறு குழல் போன்ற வெளிறிய மலர் ஒன்று இருக்கும். அதுவே மெய்யான பூ. வண்ண இலைகள் மெல்லிய காகிதம்போல் இருப்பதால் காகிதப்பூ என்னும் பெயர் பொருத்தமாய் அமைந்துவிட்டது. பீட்ரூட் கிழங்குக்குச் சிவப்பைத் தரும் அதே வகை நிறப்பொருளே இதற்கும் வண்ணம் ஊட்டுகின்றது. நம் வீட்டு வாயிலில் மாலையில் மலரும் அந்திமந்தாரையும், வரப்போரத்தில் படரும் மூக்கிரட்டையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

நடும் முறை

விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. முற்றியும் முற்றாமலும் உள்ள, எழுதுகோல் பருமனுள்ள கிளையை 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு வெட்டிக்கொள்க. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரு கணுக்களேனும் மண்ணுள் மறையுமாறு நடவேண்டும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்த மண் ஏற்றது. வேர் பிடிக்கும்வரை நிழலில் வைத்து ஈரம் காத்தல் வேண்டும். இதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகலாம். இதன் வேர்கள் மிக மென்மையானவை. ஆதலால் இடம் மாற்றும்போது பையைக் கிழித்து, மண் கட்டி உடையாமல் குழியில் இறக்குக.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேர் வெயில் படும் இடமே இதற்குத் தகுந்தது. மர நிழலிலும் வராந்தாவிலும் வைத்தால் இலை மட்டுமே கிடைக்கும். தொட்டியில் வளர்ப்போர் அடியில் நீர் வடியும் துளை உள்ளதா என்று பார்த்துக்கொள்க. நீர் தேங்கினால் வேர் அழுகிச் செடி மடியும்.

ஏன் பூப்பதில்லை?

இனி அக்கேள்விக்கு வருவோம். நீரும் தழைச்சத்தும் தாராளமாய்க் கிடைக்கும்வரை, இச்செடி தன் ஆற்றலை எல்லாம் கொடியும் இலையும் வளர்ப்பதிலேயே செலவிடுகின்றது. மண் காய்ந்து, வெயில் ஏறும்போதுதான் பூக்கத் தொடங்குகின்றது. எனவே, நன்கு வேரூன்றிய செடிக்கு நாளும் நீர் ஊற்றுவதை நிறுத்துக. மேல் மண் நன்கு காய்ந்து, இலைகள் சற்றே துவளும்போது ஒருமுறை நிறைய ஊற்றி, மீண்டும் காயவிடுக. தொட்டிச் செடிக்கும் இதே முறைதான். ஆனால் தொட்டி விரைவில் காய்ந்துவிடுமாதலால், இலை உதிரும் அளவுக்கு வாடவிடலாகாது. இளங்கன்றுகளுக்கு இவ்விதி பொருந்தாது; முதல் ஆண்டில் அவற்றுக்கு ஈரம் தேவை.

யூரியாவைத் தவிர்த்துவிடுக. ஆண்டுக்கு இருமுறை மக்கிய எருவும் சிறிது எலும்புத்தூளும் இட்டாலே போதும்.

புதுக் கிளைகளில்தான் பூக்கள் தோன்றும். ஆகவே கோடைப் பூக்கள் உதிர்ந்தபின், சூன் அல்லது சூலை மாதத்தில் கிளைகளை நன்கு கவாத்து செய்க. வெட்டுவதற்கு மனம் வராமல் விட்டுவிடுவோர் பலர். அவர்கள் வீட்டுச் செடி மதிலுக்கு வெளியே நீண்டு, உச்சியில் மட்டும் பூக்கும். மழைக்காலத்தில் துளிர்க்கும் புதுக் கிளைகள், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் உலரும்போது அரும்பு கட்டத் தொடங்கும்.

மாவுப்பூச்சி தோன்றினால், ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். இலை ஓரங்கள் கடிபட்டிருந்தால் புழுக்களைத் தேடி அகற்றுக. அவை பெரும்பாலும் இரவில்தான் மேயும்.

முள் உண்டு, கவனம்!

வளைந்த கூரிய முள்களைக் கொண்டே இச்செடி பிறவற்றைப் பற்றி ஏறுகின்றது. சிறுவர் விளையாடும் இடத்திலும், ஆள் நடமாடும் வாயிற்படி ஓரத்திலும் இதை நடாதீர்கள். தாழ்ந்த கிளை ஒரு குழந்தையின் கண்ணைக் கிழித்துவிடக் கூடும். மின்கம்பியை எட்டும்படி வளரவிடாதீர்கள். கவாத்தின்போது தடித்த கையுறை அணிக. வெட்டிய கிளைகளை உடனே அள்ளி அகற்றுக. வெறுங்காலோடு நடப்போர் வீட்டில் இது மிகவும் இன்றியமையாதது. முள் ஆழமாய்க் குத்தி முனை உள்ளே ஒடிந்தால், அதை அற்பமாய் எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுக. தடுப்பூசி பற்றியும் கேட்டறிக.

மேற்கு வெயில் சுடும் மதில் ஓரம் உங்கள் வீட்டில் வெறுமையாய்க் கிடக்கின்றதா? அங்கே ஒரு காகிதப்பூவை நடுங்கள். அதற்கு ஊற்றாமல் மிச்சமாகும் நீரைக் கீரைப் பாத்திக்கும் முருங்கைக் கன்றுக்கும் கொடுங்கள். கவாத்தில் வெட்டிய நல்ல குச்சிகள் சிலவற்றை, நடும் முறையையும் சொல்லி, அடுத்த வீட்டாருக்கு அளியுங்கள். வரும் கோடைகளில் உங்கள் தெரு முழுவதும் வண்ணம் நிறைந்திருக்கும். எவர் வீட்டுக் குடமும் அதற்காகக் குறைந்திராது.