காய்ச்சல் போனது, நுளம்பு போகவில்லை

நடுக்கத்தோடு காய்ச்சல், விரலில் குத்தி இரத்தம், கசக்கும் குளிசை. சீனன்குடா, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மலேரியாவைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. 1934-35இல் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்ற நோய் அது. டி.டி.டி. தெளித்ததால் 1963இல் 17 பேருக்கே கண்டது. வேலை முடிந்ததென நாடு ஓய்ந்தது. 1968-69இல் இலட்சக்கணக்கானோர் மறுபடி படுத்தார்கள்.

யுத்தத்துக்குள்ளும் மலேரியா ஊழியர்கள் வடக்குக் கிழக்கில் வேலை செய்தார்கள். அதை நாம் மறக்கலாகாது. 2012இல் உள்ளூர்த் தொற்று நின்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. ஆனால் 2018இல், வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்த ஒருவரிடமிருந்து இங்கே இன்னொருவருக்குத் தொற்றியது.

உலகில் 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறக்குறைய 6 இலட்சம். பெரும்பாலோர் ஆபிரிக்காவில் ஐந்து வயதும் நிரம்பாத பிள்ளைகள்.

நமது பழைய மலேரியா நுளம்பு, ஆறு வற்றும்போது மிஞ்சும் குட்டைகளில் முட்டையிடும். 2016 கடைசியில் மன்னாரில் கண்ட புது இனமோ கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும். இடம்பெயர்ந்து திரும்பிய நம் வளவுகளில் பாவிக்காத கிணறுகள் எத்தனை! அவற்றை மூடுங்கள், அல்லது மீன் விடுங்கள். வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சலென்றால் பனடோலோடு நிற்க வேண்டாம். அரச ஆஸ்பத்திரியில், போன நாட்டின் பெயரைச் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கக் கேளுங்கள். காசு இல்லை.